கட்டைவிரலுக்கு மூணு மாசம்

இந்த வாரம் எங்க அம்மாவோட கையைப் பத்திப் பேசப் போறேன். அவங்ககிட்ட கேட்டுட்டுதான் பேசுறேன். "பேசிக்கோ, ஆனா ஜாக்கெட் ஹூக்கு கதையை ரொம்ப இழுக்காதே"ன்னு ஒரே ஒரு கண்டிஷன்.

அம்மாவுக்கு 61 வயசு. அப்பா போனதுக்கு அப்புறம் கும்பகோணத்துல தனியாதான் இருக்காங்க, நான் சென்னையில. வலது கட்டைவிரலோட அடிமூட்டுல தேய்மானம். அம்பது வயசுக்கு மேல, அதுவும் பெண்களுக்கு, இது நிறைய பேருக்கு வருது. ஸ்ப்ளின்ட், மாத்திரை, மூட்டுல ஊசின்னு ரெண்டு வருஷம் ஓட்டினாங்க. பூட்டுல சாவியைத் திருப்பும்போதே கண்ணுல தண்ணி வர ஆரம்பிச்சதும் ஆபரேஷனுக்குச் சரின்னுட்டாங்க.

ஒரு சின்ன கணக்கு சொல்றேன். நுனிவிரல்ல ஒரு கிலோ அழுத்தம் கொடுத்து எதையாவது கிள்ளிப் பிடிச்சா, கட்டைவிரலோட அடிமூட்டுல விழற அழுத்தம் சுமார் 12 கிலோ. கூனி, சாவோன்னு ரெண்டு பேர் 1977-ல போட்ட கணக்கு இது. இறுக்கிப் பிடிச்சா 120 கிலோ வரைக்கும்கூடப் போகலாமாம். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கிறது சும்மா இல்லைங்க.

அந்த மூட்டுல இருக்குற எலும்பு பேரு ட்ரபீசியம். மணிக்கட்டுல இருக்குற எட்டுச் சின்ன எலும்புல ஒண்ணு. ஆபரேஷன்ல அதை முழுசா எடுத்துடுறாங்க. கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆனா ஜெர்விஸ்னு ஒரு டாக்டர் 1949-லேயே இதைப் பத்தி எழுதியிருக்கார். எலும்பு இருந்த இடத்துல தழும்புத் திசு வளர்ந்து மெத்தை மாதிரி நிக்குது. எலும்பும் எலும்பும் உரசுறது நின்னா வலியும் குறையுது. சில டாக்டர்கள் கூடவே ஒரு தசைநாரை எடுத்து அங்க சுருட்டி வைக்கிறாங்க. அம்மாவுக்கு அது பண்ணலை.

எல்லாரும் வலியைப் பத்திதான் கேட்டாங்க. வலி மாத்திரைக்கு அடங்கிடுச்சு. அம்மாவுக்கு அடங்காத விஷயம் வேற.

முதல் ரெண்டு வாரம் மாவுக்கட்டு. கையை நெஞ்சுக்கு மேல தூக்கியே வெச்சிருக்கணும், இல்லைன்னா வீங்கும். மத்த விரல்களை ஆட்டிக்கிட்டே இருக்கணும், இல்லைன்னா விறைச்சுப் போயிடும். தையல் பிரிச்சதும் ஸ்ப்ளின்ட், ஆறு வாரம் முடியிற வரைக்கும். இவ்வளவுதான் டிஸ்சார்ஜ் பேப்பர்ல இருந்தது. சாப்பாட்டைப் பத்தி ஒரு வரி இல்லை.

நாம எப்படிச் சாப்பிடுறோம்னு கவனிச்சிருக்கீங்களா? நாலு விரல் சோத்தை அள்ளும். வாய்க்குள்ள தள்ளுறது கட்டைவிரல். அது இல்லைன்னா சோறு விரல்லயே உக்காந்திருக்கும். வலது கை கட்டுல இருந்தா மிச்சம் இடது கைதான். எங்க அம்மா வளர்ந்த வீட்டுல இடது கையால தண்ணி டம்ளர் நீட்டினாலே திட்டு விழும். வீட்டுல ஸ்பூன் வெச்சு இடது கையால சாப்பிட்டாங்க, அது ஓகே. மூணாவது வாரம் ஒரு வளைகாப்புக்குக் கூப்பிட்டாங்க. "நாலு பேர் முன்னாடி இலையில இடது கையா?"ன்னு போகவே இல்லை. வெளிநாட்டு மருத்துவப் பக்கங்கள்ல எல்லாம் பாட்டில் மூடி, கார் சாவி, கோல்ஃப்னு போட்டிருக்கு. பந்தியைப் பத்தி யாரும் எழுதலை.

ஜாக்கெட் ஹூக்கு கதை சுருக்கமா: ஒரு கையால போட முடியாது. முன்னாடி ஜிப் வெச்ச நைட்டி ரெண்டு வாங்கினோம். முடிஞ்சது. குளிக்கும்போது கட்டு மேல பாலிதீன் கவர், ரப்பர் பேண்ட். முதுகு தேய்க்க நான். நான் பொண்ணுதான், இருந்தாலும் முதல் நாள் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கலை.

பார்க்க வந்த சொந்தக்காரங்க ஒரு தனி எபிசோடு. சித்தி வந்தா அம்மாவை எதையும் தொட விடமாட்டாங்க. இடது கையால காபி டம்ளரை எடுத்தாக்கூட ஓடி வந்து பிடுங்கிடுவாங்க. பாசம்தான், ஒத்துக்கிறேன். ஒரு நாள் அம்மா பொறுக்க முடியாம, "கை ஒண்ணுதான்டி கட்டுல இருக்கு, நான் இல்லை"ன்னாங்க. சித்திக்குக் கோபம். ரெண்டு நாள் போன் வரலை.

நாலாவது வாரத்துல ஒரு நாள் அம்மா தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம், இடது கையால, கோணல்மாணலா ஒரு லிஸ்ட் எழுதினாங்க. தலைப்பு: ‘ஊருக்குப் போக’. பூட்டு. கேஸ் அடுப்பு. பால் பாக்கெட். புடவை. சாப்பாடு. கோலம். தேங்காய்த் துருவல். துணி பிழியறது. நான் ஆபீஸ்ல ரிலீஸுக்கு முன்னாடி போடுற செக்லிஸ்ட் மாதிரியே இருந்தது. நிஜமாவே அதைவிட நல்லா இருந்தது. "கை எத்தனை சதவீதம் சரியாயிருக்கு?"ன்னு கேட்டா யாருக்கும் பதில் தெரியாது. பூட்டைத் திறக்க முடியுதான்னு கேட்டா தெரியும்.

தெரபிஸ்ட் கையில ஒரு அளவுகோல் இருந்தது. கபாண்ட்ஜின்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1986-ல கொடுத்தது, பத்து மார்க். கட்டைவிரல் நுனியால ஆள்காட்டி விரலோட பக்கத்தைத் தொட்டா ஒண்ணு. அப்படியே ஒவ்வொரு விரல் நுனியா போய் சுண்டுவிரலைத் தொட்டா ஆறு. அப்புறம் சுண்டுவிரல் கணு கணுவா இறங்கி, உள்ளங்கை ரேகையைத் தொட்டா பத்து. இதைப் பார்த்து அம்மா சிரிச்சுட்டாங்க. அவங்க பால் கணக்கு, சாமி பேரு எல்லாத்தையும் அம்பது வருஷமா கட்டைவிரலால விரல் கணுவைத் தொட்டுத்தான் எண்ணுறாங்க. தெரபிஸ்ட் சொன்ன பயிற்சியை மறந்தாலும் சாயங்காலம் விளக்கு ஏத்திட்டு ஸ்லோகம் எண்ணுறதை மறக்க மாட்டாங்க. தெரபிஸ்டே, "அதையே பண்ணுங்கம்மா, ஆனா வலிக்கிற இடத்துல நிறுத்திடுங்க"ன்னுட்டாங்க. ஆறாவது வாரம் மார்க் ஆறு. மூணாவது மாசம் ஒன்பது.

ஸ்ப்ளின்ட் கழட்டின அன்னைக்கு மத்தியானம் தயிர் சாதம், குழைச்சு. கையால. அம்மா ஒண்ணும் சொல்லலை, ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டாங்க. அடுத்த வாரம் இட்லி. தோசை கஷ்டம், ஏன்னா ஒரே கையில பிடிக்கவும் வேணும், பிய்க்கவும் வேணும். சப்பாத்தி எல்லாம் ரொம்ப நாள் கழிச்சுத்தான்.

கோலம் சீக்கிரமே வந்துடுச்சு. எனக்கு ஆச்சரியம். யோசிச்சா, மாவைக் கிள்ளி விடுறதுக்குப் பலமே தேவையில்லை, நிதானம்தான் வேணும். பலம் கேட்கிற வேலைகள்தான் மெதுவா வருது. பிடிமானம் திரும்ப ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகலாம்னு டாக்டர் முதல்லயே சொல்லியிருந்தார்.

பூட்டு இழுத்தடிச்சது. பத்தாவது வாரம் வரைக்கும் சாவி திரும்பவே இல்லை. கடைசியில சாவித் தலையில ஒரு நீளமான மரத்துண்டை இறுக்கிக் கட்டினோம். இப்போ கிள்ளிப் பிடிக்க வேண்டாம், மொத்தக் கையால பிடிச்சுத் திருப்பலாம். கரண்டிக் காம்புல பழைய சைக்கிள் ட்யூபைச் சுத்தினதும் இதே லாஜிக்தான். காம்பு தடிமனா இருந்தா கட்டைவிரல் அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டாம். பால் பாக்கெட்டை டம்ளர்ல நிக்க வெச்சு இடது கையால கத்தியில ஒரு கீறல்.

தேங்காய்த் துருவலையும் துணி பிழியறதையும் அம்மாவே அடிச்சுட்டாங்க. தேங்காய் மிக்ஸிக்கு, துணி மெஷினுக்கு. "இதுக்காக நான் கையை ஏன் கெடுத்துக்கணும்?" எனக்கு இந்த ரெண்டு கோடும்தான் ரொம்பப் பிடிச்சது. எதைத் திரும்ப வாங்கணும், எதை விட்டுடலாம்னு அவங்களே முடிவு பண்ணாங்க. நானோ சித்தியோ அடிச்சிருந்தா அது வேற விஷயம்.

மூணு மாசம் முடிஞ்சதும் ஊருக்கு டிக்கெட் போடச் சொன்னாங்க. இன்னும் ஒரு மாசம் இரும்மான்னேன். லிஸ்ட்டை எடுத்து நீட்டினாங்க. என்னத்தைச் சொல்ல? ராத்திரி தனியா இருக்கும்போது கை வலிச்சா, வழுக்கி விழுந்தான்னு என் கவலை ஒண்ணும் அந்த லிஸ்ட்ல இல்லைதான். ஆனா அந்தக் கவலை ஆபரேஷனுக்கு முன்னாடியும் இருந்துச்சே.

இப்போ எட்டாவது மாசம். சாவி மரத்துண்டோடதான் இருக்கு. சிலிண்டர் மாத்தும்போது ரெகுலேட்டரைப் போடப் பக்கத்து வீட்டு அண்ணன் வர்றார். கட்டைவிரலோட முதுகுல தழும்புக்குப் பக்கத்துல கொஞ்சம் மரத்துப் போன மாதிரி இன்னும் இருக்காம். போன மாசம் ஒரு கல்யாணத்துல பந்தியில உக்காந்து போட்டோ அனுப்பினாங்க. இலையில அப்பளம் நொறுங்கியிருந்தது, ரசம் முழங்கை வரைக்கும்.

நான் டாக்டர் இல்லை. உங்க வீட்டுல யாருக்காவது இந்த ஆபரேஷன்னா, எந்த வாரம் எதைச் செய்யலாம்னு அவங்க டாக்டரைக் கேளுங்க. கேட்கும்போது, கையால சாப்பிடுறது எப்போன்னு சேர்த்துக் கேளுங்க. உங்க வீட்டு லிஸ்ட்ல என்ன இருக்கும்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அம்மாவும் கேட்கணும்னு சொல்லியிருக்காங்க. அடுத்த வாரம் பேசலாம்.