லயத்துக் கூரையில் எலி: சேர்ந்தே அடைப்போம்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் எலியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். நாம் உழைத்து வாங்கிய அரிசியையும் மாவையும் தின்பது எலி. பிள்ளைகளின் பாடப் புத்தகத்தைக் கடிப்பதும் எலி. அது மின்சார வயரைக் கடித்தால் ஒரு காம்பரா அல்ல, லயமே தீப்பிடிக்கலாம். ஆகவே இதுவும் தொழிற்சங்க விஷயம்தான்.

நம் தலைக்கு மேல் ஓடுவது கூரை எலி. இதற்கு உடலைவிட வால் நீளம். மரம், கம்பி, சுவர் எதிலும் ஏறும். பெருவிரல் நுழையும் ஓட்டை இருந்தால் போதும், உள்ளே வந்துவிடும். சினைப்பட்டு மூன்று வாரத்தில் குட்டி போடும். அந்தக் குட்டிகள் சில மாதங்களில் தாமும் குட்டி போடும்.

பல லயங்களில் நடுச்சுவர் கூரைவரை எழும்பவில்லை. முதல் காம்பராவில் ஏறும் எலி கடைசிக் காம்பராவில் இறங்கும். அதனால் பக்கத்து வீட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வீட்டார் மட்டும் பொறி வைத்தாலும் பயனில்லை.

நாம் செய்யக்கூடியவை இவை. அரிசி, மாவை மூடியுள்ள தகர டின்னில் வைப்போம். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுவோம். விறகைச் சுவரோடு சேர்த்து அடுக்காதிருப்போம். புதிய பொருளைக் கண்டால் எலி சில நாள் ஒதுங்கும். ஆகவே பொறியில் கருவாடோ சுட்ட தேங்காயோ வைத்து, முதல் சில நாள் பூட்டாமல் விடுவோம். தின்று பழகியபின் எல்லாக் காம்பராக்களிலும் ஒரே இரவில் பூட்டுவோம். எலி ஓடும் வளை மரத்திலும் சுவரோரத்திலும் வைப்பதே சரி. நஞ்சு வேண்டாம், பிள்ளைகள் இருக்கும் வீடு.

எலிப் புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டாமல், குளோரின் கரைத்த தண்ணீர் தெளித்து, ஊறவிட்டுத் துடைப்போம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். கொழுந்து மலையில் காலில் காயமில்லாதவர் யார்? காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு இருந்தால் வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

“உங்கள் குப்பையால்தான் எலி” என்று நிர்வாகம் சொல்லும். குப்பையை அகற்றுவது நம் வேலை, அதைச் செய்வோம். ஆனால் துருப்பிடித்த தகரத்தையும், தகரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள திறப்பையும் உண்டாக்கியது நாமல்ல. நடுச்சுவரைக் கூரைவரை எழுப்புவதும், திறப்புகளைச் சிமெந்தாலும் கால் அங்குலக் கம்பி வலையாலும் அடைப்பதும் நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை.

வரும் ஞாயிறு காம்பரா காம்பராவாக ஓட்டைகளை எண்ணி எழுதுவோம். எல்லா வீட்டாரும் கையெழுத்திட்டு, தோட்ட ஆபீசுக்கு ஒரு பிரதியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு பிரதியும் கொடுப்போம். வாயால் சொன்னதை மறந்துவிடுவார்கள். எழுதிக் கொடுத்ததற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கூரை ஒன்று, கோரிக்கையும் ஒன்றாகவே இருக்கட்டும்.