ஐஸ்லாந்து பக்கம், உவரி தூரம்

போன ரெண்டு எபிசோடும் வேலை, லேஆஃப், ஏஐன்னு ஒரே டென்ஷனா போயிடுச்சு. அதனால இந்த வாரம் லேப்டாப்பை மூடி வச்சுட்டு, கடந்த மூணு மாசத்துல படிச்சதைப் பத்தி மட்டும் பேசப் போறேன். ஒரு மங்கா, ஒரு நாவல், நடுவுல கொஞ்சம் தமிழ் காமிக்ஸ். ஸ்பாய்லர் கொஞ்சம் இருக்கும். யார் சாகுறாங்கன்னு மட்டும் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.

முதல்ல 'வின்லாண்ட் சாகா'. மகோதோ யுகிமுரா எழுதி வரைஞ்ச மங்கா. 2005ல ஒரு வாரப் பத்திரிகையில ஆரம்பிச்சு, அந்த வேகம் தாங்காம அதே வருஷம் மாதப் பத்திரிகைக்கு மாறி, 2025ல முடிஞ்சது. இருபது வருஷம்! முடியட்டும்னு காத்திருந்த கோஷ்டி நான். முடிஞ்சதும் மொத்தமா உட்கார்ந்துட்டேன்.

கதை பதினொன்னாம் நூற்றாண்டு வைக்கிங் காலம். ஐஸ்லாந்துல பிறந்த தோர்ஃபின், அப்பாவைக் கொன்னவனைப் பழிவாங்கணும்னே வளர்றான். முதல் ஏழெட்டு வால்யூம் கத்தி, கப்பல், ரத்தம். அப்புறம் கதை டென்மார்க்ல ஒரு பண்ணைக்குள்ள போய் உட்கார்ந்துடுது. தோர்ஃபின் அங்க அடிமை. அவனும் எய்னார்னு இன்னொரு அடிமையும் காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, கோதுமை போட்டு, அந்த விளைச்சலை வச்சுத் தங்களையே விலை குடுத்து மீட்டுக்கணும். இதுக்கு இன்டர்நெட்ல 'ஃபார்ம்லாண்ட் சாகா'ன்னு கிண்டல் பேரு. எங்க டீம்ல ஒருத்தன் அங்கேயே டிராப் பண்ணிட்டான்.

என்னைக் கேட்டா, மொத்த கதையும் அந்தப் பண்ணையிலதான் இருக்கு. ஒரு மரத்தோட வேர் மண்ணை விட்டு வர்றதை யுகிமுரா அவ்வளவு பொறுமையா வரையுறார். நான் வளர்ந்தது திசையன்விளை. சுத்தி தேரிக்காடு, செக்கச்செவேல்னு மணல், பனை, முருங்கை. அந்த மண்ணுல ஒண்ணை முளைக்க வைக்கிறது என்ன பாடுன்னு எங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன். அதனால டென்மார்க் பண்ணை எனக்கு எங்க ஊரு மாதிரியே இருந்துச்சு. ஒரு குறை உண்டு. ஆரம்ப வால்யூம்கள்ல தோர்கெல்னு ஒரு ராட்சசன் ஆளுங்களைப் பொம்மை மாதிரி தூக்கி வீசுவான். பின்னாடி வன்முறையே வேணாம்னு இவ்வளவு சீரியஸா பேசப் போற கதைக்கு அந்த கார்ட்டூன் சண்டை ஒட்டவே இல்ல.

இதை ஜாப்பனீஸ்ல இருந்து வந்த இங்கிலீஷ்ல படிச்சேன். எங்கேயும் தடங்கல் இல்ல. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அடுத்து 'ஆழி சூழ் உலகு'. ஜோ டி குரூஸ் எழுதிய முதல் நாவல், 2004ல தமிழினி வெளியீடு. அவர் சொந்த ஊரு உவரி. எங்க வீட்டுல இருந்து பைக் எடுத்தா இருபது நிமிஷம். கப்பல் மாதிரியே கட்டின மாதா கோயில், அந்தோணியார் கோயில், அலை பக்கத்துலயே சுயம்புலிங்க சாமி கோயில்னு அந்த ஊரை உங்கள்ல பல பேர் ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. நாவல்ல ஊரோட பேரு ஆமந்துறை. 1933ல இருந்து 1985 வரைக்கும், பரதவர் சமூகத்துல மூணு தலைமுறைக் கதை. கட்டுமரத்துல சுறா வேட்டைக்குப் போற ஆட்கள், காகு சாமியார்னு ஒரு பாதிரியார், ஊருக்குள்ள தீராத பகை, கடல்ல மாட்டிக்கிட்டு மிதக்குற மூணு பேர்.

முதல் அம்பது பக்கம் எனக்குப் பத்து நாள் ஆச்சு.

காரணம் மொழி. அணியம்னா மரத்தோட முன்பக்கம். நீவாடுன்னா கடலுக்குள்ள ஓடுற நீரோட்டம். கச்சான் மேற்குல இருந்து வர்ற காத்து, கொண்டல் கிழக்குல இருந்து. புத்தகத்துக்குப் பின்னாடி சொல்லுக்கு அர்த்தம் போட்டிருக்காங்க. ஒரு விரலை அங்க வச்சுக்கிட்டுத்தான் படிச்சேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஐஸ்லாந்துக்காரன் பேசுறது எனக்கு வழவழன்னு போகுது. இருபது நிமிஷத்துல இருக்கிற ஊர்க்காரங்க பேசுறதுக்கு அகராதி வேணும். தமிழ்ல தமிழுக்கு அகராதி!

இங்கதான் காமிக்ஸ் வருது. சிவகாசில இருந்து வர்ற முத்து காமிக்ஸ் 1972ல 'இரும்புக்கை மாயாவி'யோட ஆரம்பிச்சது. லயன் காமிக்ஸ் 1984. இன்னிக்கும் சந்தா கட்டினா கூரியர்ல வீட்டுக்கு வருது. நான் இந்த மாசம் படிச்சது ரெண்டு டெக்ஸ் வில்லர் கதை. டெக்ஸ் 1948ல இத்தாலியில பிறந்தவர். அமெரிக்க கௌபாய், வரைஞ்சது இத்தாலிக்காரங்க, பேசுறது சிவகாசித் தமிழ். சாரி, சிவகாசித் தமிழ்னு சொல்லக்கூடாது. அதுதான் என் பாயின்ட்டே. டெக்ஸ் பேசுற தமிழை சிவகாசியிலயும் யாரும் பேச மாட்டாங்க, மதுரையிலயும் பேச மாட்டாங்க. கொஞ்சம் நாடகம், கொஞ்சம் செய்தித்தாள், கொஞ்சம் நக்கல் கலந்து காமிக்ஸுக்குன்னே உருவான தமிழ் அது. எந்த ஊருக்கும் சொந்தமில்லாததால எல்லா ஊர்ப் பசங்களும் அதைச் சொந்தமா எடுத்துக்கிட்டாங்க. மங்காவோட இங்கிலீஷும் அப்படித்தான். மொழிபெயர்ப்பாளர் எனக்காக ரோட்டைச் சமப்படுத்திப் போட்டு வச்சிருக்கார்.

ஜோ டி குரூஸ் அந்த ரோட்டைப் போடல. போட மாட்டேன்னு தெரிஞ்சேதான் எழுதியிருக்கார்னு எனக்குத் தோணுது. கடல்ல இருக்கிறவனுக்கு 'நீரோட்டம் மாறுகிறது'ன்னு சொல்ல நேரம் இருக்காது. நீவாடுன்னு ஒரே சொல்லுல எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், இப்ப வலையை என்ன பண்ணணும் எல்லாம் அடங்கியிருக்கு. அந்தச் சொல்லை எடுத்துட்டா அவன் தொழிலே போயிடும்.

சரி, இது என்ன பெரிய விஷயம், வட்டாரச் சொல்தானேன்னு கேப்பீங்க. எங்க ஊரு பனையும் கருப்பட்டியும் கடையும் சார்ந்த ஊரு. உவரி கடல் சார்ந்த ஊரு. எங்க பக்கம் நிறைய வீடுகளுக்கு உவரி சுயம்புலிங்க சாமிதான் குலசாமி. காது குத்து, மொட்டை எல்லாம் அங்கதான். தினமும் கடற்கரையில இருந்து மீன் வருது. இவ்வளவு போக்குவரத்து இருந்தும், கோயிலைத் தாண்டி அந்தத் தெருக்களுக்குள்ள எங்க வீட்டுல யாரும் நடந்தது இல்ல. அவங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போனதில்ல, அவங்களும் எங்க வீட்டுக்கு வந்ததில்ல. யாரும் சண்டை போடல. சாதி வேற, கோயில் வேற, தொழில் வேற, அவ்வளவுதான். அது எப்பவுமே அப்படித்தான்கிற மாதிரி பழகிட்டோம்.

நாவல் படிச்சுக்கிட்டிருந்தப்ப பொங்கல் லீவுக்கு வீட்டுல இருந்தேன். எங்க தெருவுக்கு நான் சின்னப் பையனா இருக்கிறப்பவே மீன் கொண்டு வர்ற ஒரு அக்கா உண்டு. அம்மா சாளை வாங்கிட்டு இருந்தாங்க. நான் போய், "அக்கா, நீவாடுன்னா என்ன?"ன்னு கேட்டேன். அவங்க தராசை அப்படியே வச்சுட்டு என்னைப் பார்த்தாங்க. "ஒனக்கு யாரு தம்பி இதச் சொன்னா?"ன்னாங்க. புத்தகத்துல வருதுன்னேன். நம்பவே இல்ல. உள்ள போய் எடுத்துட்டு வந்து காட்டினேன். அப்புறம் பேச ஆரம்பிச்சாங்க. அவங்க அப்பா மரத்துல போனவர், அண்ணன் இப்ப ஃபைபர் போட்டுல போறார், எந்த மாசம் எந்தக் காத்து, எப்ப மரத்தைத் தள்ளவே கூடாதுன்னு அரை மணி நேரம். மீன்ல ஈ மொய்க்க ஆரம்பிச்சுடுச்சு. அம்மா நடுவுல, "இவ்வளவு வருஷமா வாரே, இதெல்லாம் நீ சொன்னதே இல்லையே"ன்னாங்க. அதுக்கு அந்த அக்கா, "நீங்க வெலதானக்கா கேட்டிய?"ன்னாங்க.

நான் அந்த வாரம் மிச்ச நாவலையும் முடிச்சேன். குறை இல்லாத புத்தகம் இல்ல. ஆட்கள் ரொம்ப அதிகம். நான் கூகுள் ஷீட்ல குடும்ப வரைபடமே போட்டேன். வருஷம் முன்னும் பின்னும் தாவும்போது பிடி நழுவுது. சில பெண் பாத்திரங்களோட மனசுக்குள்ள இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம். ஆனா சாவை இவர் எழுதுற மாதிரி நான் எங்கேயும் படிச்சதில்ல. நூறு பக்கம் கூடவே வந்த ஆளை ஒரு வரியில கடல் எடுத்துக்கும். அடுத்த பத்தியில ஊரு மறுபடி வலை இழுக்கும். மங்கா அப்படிப் பண்ணாது, ரெண்டு பக்கம் முழுசா படம் போட்டு நம்மளை அழ வைக்கும். ரெண்டுமே எனக்குப் பிடிக்கும். ஆனா கரையில இருக்கிறவங்களுக்குச் சாவு எப்படி வரும்னு நாவல்தான் சொல்லிச்சு.

எனக்கு ஒரு ஆசை இருக்கு. 'ஆழி சூழ் உலகு' காமிக்ஸா வரணும். கட்டுமரத்தோட ஒவ்வொரு பாகமும் படத்துல வந்தா அகராதியைப் புரட்ட வேண்டாம், அணியம்னா அந்தக் கட்டத்துலயே கண்ணால பார்த்துடலாம். ஒரே நிபந்தனை, பலூனுக்குள்ள ஆமந்துறைத் தமிழே இருக்கணும். டெக்ஸ் தமிழ்ல மாத்தினா நான் வாங்க மாட்டேன்.

அடுத்து கையில எடுத்திருக்கிறது அவரோட 'கொற்கை'. 2013 சாகித்ய அகாதமி விருது வாங்கினது, ஆயிரம் பக்கத்துக்கு மேல. ரெண்டு மாசம் ஆகலாம். அதுக்குள்ள, கடற்கரை ஊர்ல இருந்து கேக்குறவங்க ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. உங்க வீட்டுல காத்துக்கும் நீரோட்டத்துக்கும் என்ன பேரு சொல்றாங்கன்னு மட்டும் சொன்னா போதும். உவரியும் கூத்தங்குழியும் ஒரே மாதிரி சொல்றாங்களான்னு எனக்குத் தெரியணும். வந்ததை எல்லாம் அடுத்த எபிசோட்ல போடுறேன்.