ஏ.ஏ. கூட்டம் எந்தத் தெருவில் நடக்கிறது?



மதுக்கடைகளை மூடச் சொல்லி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். 2003இல் அரசே சில்லறை விற்பனையைக் கையில் எடுத்ததிலிருந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். இன்று நான் அதைவிடச் சின்ன விசயம் ஒன்றைப் பேசப்போகிறேன். நாளைக் காலையில் ஒருவர் உங்களிடம் வந்து, "தோழர், குடியை விட்டுடணும், எங்க போறது?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

என் அண்ணன் என்னிடம் அப்படிக் கேட்டார். அவர் அனுமதியோடுதான், பெயரைச் சொல்லாமல், இதைப் பேசுகிறேன். அண்ணன் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. மனிதரை மலக்குழிக்குள் இறக்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் இறக்குகிறார்கள். அந்த நாற்றத்தில் வெறும் வயிற்றோடு யார் இறங்குவார்? ஒரு குவார்ட்டரை வாங்கிக் கையில் கொடுத்தே இறக்குகிற மேஸ்திரிகளும் உண்டு. கடைசியில் பழி யார் மேல் விழுகிறது? "அந்தத் தெருவா, எல்லாம் குடிகாரப் பசங்க" என்கிறார்கள். மாடிவீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பவருக்கு இந்தப் பட்டம் கிடையாது.

முதலில் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்துக்குப் போனோம். அண்ணி கம்மலை அடகு வைத்த பணம் அங்கே போனது. பூட்டி வைத்தார்கள், அடித்தார்கள். இருபது நாளில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அப்புறம்தான் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் பிள்ளைகள் பலர் "வைராக்கியம் இருந்தா இன்னிக்கே நிறுத்து" என்று அறிவுரை சொல்கிறார்கள். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சித்தம் தடுமாறி, உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மருத்துவர்தான் முதலில். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

அந்த வார்டில் ஒரு சமூகப் பணியாளர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததுதான் ஏ.ஏ. கூட்டத்தின் முகவரி. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியால் நொந்த இரண்டு பேர், ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும், பேசிப் பேசியே ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதில் தொடங்கியது. கட்டணம் இல்லை. குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. வெறும் பேச்சில் என்ன ஆகும் என்பவர்களுக்கு: 2020இல் காக்ரேன் குழு 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ.வோடு ஆட்களை முறையாக இணைத்துவிடும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாக இருந்தது.

முகவரி கையில் இருந்தும் போய்ச் சேர்வது லேசாக இல்லை. கூட்டம் இரவு ஏழு மணிக்கு, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். அண்ணனுக்கோ விடியற்காலை நாலரைக்கு வேலை. இடம் ஒரு சர்ச் வளாகத்து வகுப்பறை. அது வாடகை இடம்தான், சர்ச்சுக்கும் கூட்டத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். பெரியாரைப் படித்த எனக்கு அது தொண்டையில் சிக்கியது. "நாம் புரிந்துகொண்டபடி" என்ற ஒட்டு கூடவே இருப்பதால், கடவுள் இல்லாதவர்கள் அந்தக் கூட்டத்தையே தம்மைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். அண்ணனுக்கு இந்தக் கவலையே இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று அவர் கேட்டது வேறு: "உள்ள என்ன ஆளுன்னு கேப்பாங்களா?"

கேட்கவில்லை. பெயரை மட்டும் சொன்னால் போதும் என்றார்கள். அது குடிநோயாளிகளுக்கு மட்டுமான கூட்டம் என்பதால் நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டோம். இங்கே ஒரு அறையில் அது வேறு காரணத்துக்காக நடக்கிறதே என்று எனக்கு மகிழ்ச்சி.

மூன்றாவது வாரமே டீ குடிக்கும்போது ஒருவர் "தம்பிக்கு எந்த ஊர்? ஊர்ல எந்தப் பக்கம்?" என்றாராம். இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அண்ணன் இரண்டு வாரம் போகவில்லை. குடிநோயிலிருந்து மீள்கிறவருக்கு இரண்டு வாரம் என்பது சின்னக் காலம் அல்ல. வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

அமெரிக்காவிலும் கதை இதுதான். விருப்பம் மட்டுமே தகுதி என்று சொன்ன அமைப்பில் பல ஊர்களில் கறுப்பினத்தவருக்கு நாற்காலி கிடைக்கவில்லை. 1945இல் வாஷிங்டனில் ஒரு கறுப்பின மருத்துவரும் சிலரும் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு குழுவைத் தொடங்கினார்கள். குடிநோயாளிகள் இரண்டு மூன்று பேர் கூடினாலே அதை ஏ.ஏ. குழு என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, அந்தக் குழு வேறு எந்த அமைப்போடும் சேர்ந்திருக்கக் கூடாது.

நம்மைப் போன்றவர்களுக்குக் கசக்கிற இடம் இந்த நிபந்தனைதான். நாம் எதைத் தொட்டாலும் கொடி கட்டிவிடுவோம். இதில் கட்டக் கூடாது. கட்டினால் நம் கொடிக்கு எதிரே நிற்கும் ஒரு குடிநோயாளி உள்ளே வரமாட்டார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் நம் வீட்டுப் பெண்களைப் போலத்தான் தூங்காமல் இருக்கிறார்கள்.

அண்ணன் வேறொரு கூட்டத்தைத் தேடிப் போனார். அங்கே அறிமுகமான இருவரோடு இப்போது எங்கள் தெருப் படிப்பகத்தில் ஒரு குழு நடத்துகிறார். அறையைச் சும்மாவே தருகிறோம் என்றோம். வெளியார் உதவி வாங்குவதில்லை என்று வாரம் ஐம்பது ரூபாய் வாடகை எண்ணிக் கொடுக்கிறார்கள். சுவரில் ஏற்கெனவே மாட்டியிருந்த அம்பேத்கர் படத்தை எடுத்துவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும்மா, அவரும் குடிக்காத ஆளுதானே" என்றார் அண்ணன். அடுத்த வாரம் அவர்களே பேசி, கூட்ட நேரத்துக்கு மட்டும் படத்தைப் பக்கத்து அலமாரியில் வைப்பது என்று முடிவு செய்தார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் முடிவு அவர்களுடையது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம். விடியற்கால வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம். போன வாரம் ஏழு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் ஊர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்தவர்.