அந்தி வானமும் கமராவும்



காலிமுகத் திடலில் மாலை வேளையிற் கமராவும் கையுமாக நிற்பவர்கள் பலர். வீடு சென்று படத்தைப் பார்த்ததும் அவர்களுட் பெரும்பாலோர் மனஞ் சோர்கின்றனர். கண்ணுக்குத் தாம்பாளம்போல் தோன்றிய கதிரவன் படத்திற் கடுகாய்ச் சிறுத்துக் கிடக்கின்றான். குற்றம் கமராவினுடையதன்று. ஞாயிற்று வட்டம் வானில் அரைப் பாகை அகலமே உடையது. அடிவானத்திற் பெரிதாகத் தோன்றுவது நமது மனமயக்கம். 50 மில்லிமீற்றர் வில்லை அதனைப் படச்சுருளில் ஏறத்தாழ அரை மில்லிமீற்றராகவே பதிக்கும். 200 மில்லிமீற்றர் வில்லை அதனை நான்கு மடங்கு பெருப்பிக்கும். ஆயினும், அத்தகைய வில்லையூடாகச் சூரியனை நேரே நோக்கற்க, பார்வை பழுதாகும். இக்காலக் கமராக்களின் பின்திரையிற் பார்த்துக்கொள்ளலாம்.

தொலைவில்லை இல்லாதார் முன்னணியில் ஒரு கருநிழலுருவை அமைத்துக்கொள்க. தென்னையைக் கண்டு கண்டு சலித்துவிட்டது. பட்டம் விடும் சிறுவன் ஒருவன் போதும். ஒளியை அளக்குங்கால் சூரியனை விலக்கி, அருகிலுள்ள வானத்தை அளந்திடுக. வெண்மைச் சமநிலையைத் தானியங்கியாக விட்டால் செம்மை வெளிறிவிடும். பகலொளிக்கென அதனை நிலைப்படுத்துக.

நம் நாட்டிற் கதிரவன் கடலைத் தொட்டு முழுதும் மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகமாகும். மறைந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. உயரத்தே மெல்லிய முகில் இருப்பின், அதன் பின்னரே வானம் சிவந்தெழும். அவ்வேளை ஒளி குன்றுவதால் கமரா அசையலாகாது. முக்காலி இல்லாதார்க்கு ஒரு மதிற்சுவரே போதும்.