மலைப்பாதையும் பற்சக்கரமும்

மதுரையைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் சமவெளி. நாகமலையும் ஆனைமலையும் ஆங்காங்கே தலைதூக்கி நின்றாலும், பெருஞ்சாலைகள் அவற்றின்மேல் ஏறுவதில்லை; அடிவாரத்தை ஒட்டியே செல்கின்றன. ஆகவே, இவ்வூரில் சைக்கிள் பழகும் இளைஞருக்கு ஏற்றம் என்பது ஒரு பாலத்தின்மீது ஏறி இறங்கும் அளவே. அத்தகைய இளைஞர் சிலர் கூடி, "கொடைக்கானலுக்குச் சைக்கிளிலேயே போனால் என்ன?" என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் அவர்களைத் தடுப்பதில்லை. "உங்கள் வண்டியின் பற்சக்கரங்களில் எத்தனை பற்கள்?" என்று மட்டும் திருப்பிக் கேட்பேன். அக்கேள்வியின் காரணத்தை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

மதுரை கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 130 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானலோ சுமார் 2,100 மீட்டர் உயரத்தில். வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாகச் சென்றால் தூரம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். இவ்வுயரத்தில் பெரும்பங்கை, ஏறத்தாழ 1,750 மீட்டரை, கடைசி 50 கிலோமீட்டருக்குள் ஏறியாக வேண்டும். அதாவது, 100 மீட்டர் சென்றால் சராசரியாக மூன்றரை மீட்டர் ஏற்றம். சில இடங்களில் இது ஐந்து மீட்டரையும் எட்டும்.

இனி வண்டியைப் பார்ப்போம். மிதியோடு சேர்ந்து சுழலும் முன்சக்கரத்தின் பற்களைப் பின்சக்கரத்துப் பற்களால் வகுத்து, வரும் ஈவைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்குங்கள். ஒரு முழுமிதிக்கு வண்டி நகரும் தூரம் கிடைக்கும். முன்னால் 44 பற்களும் பின்னால் 18 பற்களும், சுற்றளவு 2.2 மீட்டரும் உள்ள சாதாரணச் சைக்கிள் ஒரு மிதிக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர் நகர்கிறது. நூற்றுக்கு ஐந்து என்ற ஏற்றத்தில், ஒவ்வொரு மிதியிலும் அதை ஓட்டுபவன் தன் உடலையும் வண்டியையும் 27 சென்டிமீட்டர் மேலே தூக்குகிறான் என்பது இதன் பொருள். முன்னும் பின்னும் 34 பற்களே உள்ள இணைப்பில், சுற்றளவு 2.1 மீட்டரானால், அவன் தூக்க வேண்டியது பத்தரை சென்டிமீட்டரே.

சிறிய கியர் வேலையைக் குறைத்துவிடுகிறதா? இல்லை. ஒரு மூட்டை நெல்லை ஒரேயடியாகத் தூக்கிக் குதிருக்குள் கொட்டினாலும், மரக்கால் மரக்காலாக அளந்து கொட்டினாலும் உள்ளே சேரும் நெல் ஒன்றே. முன்னதில் முதுகு முறியும். பின்னதில் நேரமும் பொறுமையும் வேண்டும். மலைப்பாதையின் 50 கிலோமீட்டரைப் பெரிய கியரில் சுமார் 9,300 மிதிகளில் கடக்கலாம். சிறிய கியரில் ஏறத்தாழ 24,000 மிதிகள் வேண்டும். எண்ணிக்கை கூடுகிறது, முழங்காலின்மேல் விழும் சுமையோ குறைகிறது.

தமக்கு ஏற்ற கியரை ஒருவர் எவ்வாறு அறிவது? ஏற்றத்தில் நீங்கள் நெடுநேரம் தாங்கக்கூடிய வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர் என்று கொள்வோம். அது நிமிடத்திற்கு 133 மீட்டர். கால்கள் நிமிடத்திற்கு அறுபது முறையேனும் இலகுவாகச் சுழல வேண்டுமானால், ஒரு மிதிக்கு 2.2 மீட்டருக்கு மேற்படாத கியர் தேவை. 5.4 மீட்டர் கியரிலோ கால்கள் இருபத்தைந்து முறைதான் சுழலும்; அது மிதிப்பதன்று, மல்லுக்கு நிற்பது. எனினும் வத்தலக்குண்டு வரையிலான சமவெளிக்குப் பெரிய கியரே உகந்தது. ஆதலால், முன்னால் 50, 34 என இரு சக்கரங்களும், பின்னால் 11 முதல் 34 பற்கள் வரையிலான அடுக்கும் கொண்ட வண்டி இவ்வழிக்குப் பொருந்தும். பின்அடுக்கை மாற்றுவோர், சங்கிலியின் நீளமும் கியர் மாற்றும் கருவியும் பெரிய சக்கரத்திற்கு இடங்கொடுக்கின்றனவா என்று முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிறிய கியரைப் பூட்டிக்கொள்வது வீரத்திற்கு இழுக்கு என்று கருதும் இளைஞர் உண்டு. இந்த எண்ணம் புதிதன்று. பிரான்சு நாட்டில் 1903-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்சு, மாற்றுக் கியர்கள் வயது முதிர்ந்தோருக்கே உரியவை என்று வாதிட்டார். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பால் தெ விவி, மாற்றுக் கியரின் நன்மையைத் தம் பத்திரிகையில் வற்புறுத்தியதோடு, தாமே மலைகளில் ஏறியும் காட்டினார். அவர் 1930-இல் மறைந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1937-இல், அப்பந்தயத்திலேயே சங்கிலியை இடம் மாற்றும் கியர்கள் அனுமதிக்கப்பட்டன. வீரத்தைப் பற்றிய வாதத்தை மலையே தீர்த்துவைத்தது எனலாம்.

ஒரே கியர் கொண்ட சைக்கிள்தான் உள்ளது என்போர் மனம் தளர வேண்டா. பின்னால் 22 பற்கள் உள்ள சக்கரத்தைப் பொருத்தினால் ஒரு மிதிக்கு 4.4 மீட்டராகும். செங்குத்தான இடங்களில் இறங்கி வண்டியைத் தள்ளி நடப்பதில் இழிவு ஏதுமில்லை. திரும்பும்போது மலைப்பாதை பெரும்பாலும் இறக்கமாதலால், பிரேக் கட்டைகளைப் புறப்படுமுன் சோதிப்பது இன்றியமையாதது.

கியரைத் தேர்ந்தெடுக்கும்போது, காலையில் மதுரையில் துள்ளும் கால்களை நினையாதீர்கள். வெள்ளி நீர்வீழ்ச்சியை நீங்கள் அடையும்போது ஊர் இன்னும் 8 கிலோமீட்டர் இருக்கும். ஏற வேண்டிய உயரம் இன்னும் ஏறத்தாழ 300 மீட்டர் இருக்கும். அப்போது உங்கள் கால்கள் எவ்வளவு களைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கால்களுக்கு ஏற்ற கியரே உங்களுக்கு ஏற்ற கியர்.