மண்ணுக்குள் ஒன்று, நீருக்குள் ஒன்று



மொழிபெயர்ப்பு அலுவலில் இருக்கும் நமக்கு ஒரே வாரத்தில் இரு கோப்புகள் வந்தன. ஒன்று, தென்னையைக் கொல்லும் காளானை ஒழிப்பது பற்றியது. மற்றொன்று, கடற்பசுவைக் காப்பது பற்றியது. ஒழித்தல், காத்தல் என்று சொற்கள் எதிரெதிரே நின்றனவேயன்றி, இடம் ஒன்றே: தஞ்சைக் கடற்கரைப் பகுதி.

கானோடெர்மா என்னும் அக்காளானால் வரும் நோய் 1952-ஆம் ஆண்டுப் புயலையடுத்துத் தஞ்சைத் தோப்புகளில் பரவலாகக் காணப்பட்டது. ஆகவே ‘தஞ்சாவூர் வாடல் நோய்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஊர்ப்பெயர் இவ்வாறு நோய்க்குப் போவதில் நமக்குச் சற்று வருத்தமே. காளான் முதலில் வேரை அழுகச் செய்கிறது. பின்னர் அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு கசியும். மட்டைகள் மஞ்சளித்துத் தொங்கும். தூரில் தட்டுப்போலக் காளான் தலைகாட்டும்போது மரம் பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும். அத்தட்டின் அடியிலிருந்து உதிரும் நுண்வித்துகளுக்கோ கணக்கில்லை. பட்ட மரத்தின் தூரை மண்ணிலேயே விட்டுவைத்தால் அண்டை மரத்திற்கும் அதுவே வழியாகும்.

மீனவர் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவின் இயல்பு இதற்கு நேர்மாறு. சினைக்காலம் ஓராண்டுக்கு மேல். ஈற்றுக்கு ஒரே கன்று. அடுத்த ஈற்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள்வரை ஆகலாம். கடற்புல்லை மேயும் இப்பிராணி மீனன்று. சில நிமிடங்களுக்கொருமுறை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சுமுட்டி மாள்கிறது. இந்தியக் கடல்களில் எஞ்சியிருப்பவை சில நூறே. எனவே ஒரு தாய் மடிந்தால் அவ்விழப்பை ஈடுசெய்யப் பல்லாண்டுகள் ஆகும்.

எனினும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டின் வாழ்வும் நம் கண்ணுக்கு மறைவாக நடப்பது. தூரில் தட்டு தெரிவதும், கரையில் உடல் ஒதுங்குவதும் காலங்கடந்து வரும் செய்திகளே.

தோப்பைக் குத்தகைக்கு விட்டு டில்லியிலும் மும்பையிலும் வாழ்வோர் நம்மில் பலர். மரத்திற்கு ஆண்டுதோறும் ஐந்து கிலோ வேப்பம்புண்ணாக்கு இடுவதும், நோயுற்ற மரத்தைச் சுற்றி அகழி வெட்டுவதும் குத்தகைதாரருக்குச் செலவு. பலனோ பின்னால் வருவது. அச்செலவை நாம் ஏற்பதே நியாயம்.

கடலிலும் இதே கணக்குத்தான். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் கடற்பசுவைக் கொல்வதைத் தடை செய்தது. 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடல் அதன் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் நள்ளிரவில் வலைக்குள் அது திமிறும்போது அங்கே இருப்பவர் மீனவர் மட்டுமே. வலையை அறுத்து விடுவித்தவர்களை வனத்துறை பாராட்டிப் பரிசளித்ததுண்டு. பாராட்டு நல்லதே, அறுந்த வலையின் முழு விலையும் தாமதமின்றிக் கைக்கு வருமானால், அடுத்த முறையும் அவர் கத்தியை எடுக்கத் தயங்கமாட்டார்.