இனி உங்கள் கையெழுத்து
(செவிலியர் கல்லூரிப் பட்டமளிப்பு விழா உரை)



பட்டமளிப்பு மேடையில் நின்றால் உலகத்தையே மாற்றச் சொல்லிப் பேசுவது வழக்கம். அதற்கு, இன்று பட்டம் பெறும் உங்களுக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது. ஆனால் உங்களில் பலர் சில வாரங்களில் டியூட்டியில் சேரப்போகிறீர்கள். வார்டிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வுபெற்றவள் நான். எனவே அந்த முதல் நாளைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அமர்கிறேன்.

நான்கு ஆண்டும் வார்டுக்குப் போய்வந்தவர்களுக்கு முதல் நாளில் அப்படி என்ன புதுமை என்று பெற்றோர் நினைக்கலாம். ஊசி போட்டிருக்கிறார்கள், புண்ணுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், பிரசவ அறையில் நின்றிருக்கிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அப்போதெல்லாம் பொறுப்பேற்க ஒரு ஸ்டாஃப் நர்ஸ் பக்கத்தில் இருந்தார். கேஸ் ஷீட்டில் அவர் கையெழுத்து இருந்தது. நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, வேலையில் சேர்ந்துவிட்டால் அந்த இடத்தில் உங்கள் கையெழுத்து வரும். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது என்று நாளை ஒரு நீதிமன்றம் கேட்டால், பதில் சொல்லப்போவது அந்தக் கையெழுத்துதான். அதே ஊசிதான், அதே கைதான், ஆனால் அன்று கை கொஞ்சம் நடுங்கும். நடுங்கட்டும். பயமே இல்லாத புதியவரைக் கண்டால்தான் இன்சார்ஜ் சிஸ்டருக்குப் பயம் வரும்.

இந்த நடுக்கம் உங்களுக்கு மட்டும் வருவதல்ல. மார்லீன் கிரேமர் என்ற அமெரிக்கச் செவிலியர் 1974-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ‘ரியாலிட்டி ஷாக்’ என்று அதற்குப் பெயர். நல்ல மாணவிகள் வேலைக்கு வந்த சில மாதங்களிலேயே ஏன் மனமுடைந்து தொழிலை விட்டுப் போகிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. கல்லூரி கற்றுத்தந்த நர்சிங்கும் வார்டு கேட்கும் நர்சிங்கும் மோதும் இடத்தில் அவர்கள் உடைகிறார்கள் என்று அவர் கண்டார். நீங்களும் காண்பீர்கள். கல்லூரியில் ஒரே நோயாளிக்குக் காலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்து கேர் பிளான் எழுதினீர்கள். வார்டில் ஒரு கையில் டிரிப்ஸ் பாட்டில் இருக்கும். அப்போதே ஒருவர் டிஸ்சார்ஜ் சம்மரி கேட்பார், இன்னொருவர் பெட்பேன் கேட்பார், டாக்டர் ரவுண்ட்ஸுக்கு வந்துவிடுவார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1984-ல், பாட்ரிசியா பென்னர் என்ற இன்னொரு செவிலியர் அறிஞர், புதியவர் நிபுணராக வளரும் பாதையை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். தேர்வுக்காக அந்த ஐந்தையும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். தேர்வு முடிந்ததும் அவர் சொன்ன இன்னொன்றை மறந்திருப்பீர்கள், அதை நினைவுபடுத்துகிறேன். கைதேர்ந்த ஒரு நர்ஸைக்கூட அவருக்குப் பழக்கமே இல்லாத பிரிவில் கொண்டுபோய் விட்டால், அங்கே அவர் முதல் படியில் நிற்கக்கூடும் என்கிறார் பென்னர். இருபது ஆண்டு அனுபவத்துக்கே அந்தக் கதி என்றால், தங்கப் பதக்கத்தோடு போகிறவருக்கும் முதல் நாளில் முதல் படிதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏன் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதற்கு ஓர் உதாரணம். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு. ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு ஆரஞ்சு. 100 யூனிட் குப்பியிலிருந்து 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால், கோடு 10 என்று காட்டும், நோயாளியின் உடம்புக்குள் 25 யூனிட் போகும். இரண்டரை மடங்கு. இது உங்கள் அனைவருக்கும் தெரியும். ஆனால் நீங்கள் சேரப்போகும் வார்டின் ஃபிரிட்ஜில் எது இருக்கிறது, டிராயரில் எந்த சிரிஞ்ச் கிடக்கிறது என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். படிப்பு வேறு, இடம் வேறு. படிப்புக்குச் சான்றிதழ் இன்று தந்துவிட்டார்கள். இடத்தை முதல் நாளிலிருந்துதான் படிக்க வேண்டும்.

ஆகவே நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். முதல் நாளன்று யாரும் உங்களிடம் திறமையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று, உரிய ஆளிடம், காரியத்தில் கைவைக்கும் முன் சொல்லிவிடுங்கள். அன்றைய வேலை அதுதான்.

சொல்ல விடாமல் தடுப்பது எது? எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்ற நினைப்பு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2000-ல் வெளியானது. ஒரு பாடகரின் படம் போட்ட, போட்டுக்கொள்ளவே கூச்சமாக இருக்கும் சட்டையை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் சட்டையைக் கவனித்திருப்பார்கள் என்று பிறகு அந்த மாணவர்களிடம் கேட்டார்கள். கிட்டத்தட்ட பாதிப்பேர் என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர். மற்றவர்களுக்கு அவரவர் வேலை இருந்தது. வார்டிலும் அப்படித்தான். நீங்கள் தடுமாறியதை உங்களைப் போல யாரும் நினைவில் வைத்திருக்கப்போவதில்லை. மறைத்ததால் விளைந்த தவற்றை மட்டும் யாரும் மறக்க மாட்டார்கள்.

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். “சிஸ்டர், எனக்கு ஒண்ணுமே தெரியல” என்று போய் நின்றால், எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்கும் தெரியாது. “சிஸ்டர், பொட்டாசியம் குளோரைடு டைல்யூட் பண்ணித்தான் போடணும்னு தெரியும். இங்க எதுல கலக்குறீங்க, எவ்வளவு நேரம் ஓட்டுறீங்க? ஒரு தடவை நீங்க கூட நின்னு பாருங்க” என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு எதுவரை தெரியும், எங்கே நிற்கிறீர்கள் என்று அவருக்கு உடனே புரியும். டாக்டர் வாய்மொழியாக ஒரு ஆர்டர் சொன்னால், மருந்தின் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் முகம் சுளிக்கலாம். சுளித்துவிட்டுப் போகட்டும்.

“இதுகூடத் தெரியாதா? காலேஜ்ல என்னதான் படிச்சீங்க?” என்று யாராவது ஒருவர் கேட்பார். கேட்காத வார்டு இல்லை. பதிலுக்குச் சண்டை வேண்டாம், குளியலறையில் போய் அழவும் வேண்டாம். “சொல்லிக் கொடுங்க சிஸ்டர், எழுதி வெச்சுக்கிறேன்” என்று பாக்கெட் நோட்டை எடுங்கள். எழுதியதை மறுபடி கேட்காதீர்கள். ஒரே கேள்வி மூன்றாம் முறை வரும்போதுதான் நல்லவர்களுக்கும் பொறுமை போகும்.

இன்னொன்று, உங்கள் பெயரைச் சொல்லுங்கள். சாதாரண விஷயம் போலத் தோன்றும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சப் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. கத்தி வைக்கும் முன் அறையில் இருப்பவர்கள் அனைவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலை நடைமுறைப்படுத்திப் பார்த்தார்கள். முடிவு 2009-ல் வெளியானது. அறுவைக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், பெரிய சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாகவும் குறைந்திருந்தன. பெயர் சொன்னதால் மட்டும் இது நடக்கவில்லை, முழுப் பட்டியலுக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் அந்தப் பட்டியலை எழுதியவர்கள் பெயருக்கு ஓர் இடம் ஒதுக்கியதில் காரணம் இருக்கிறது. ஒருமுறை வாய் திறந்து பேசியவர், ஆபத்து தெரியும்போது இரண்டாம் முறை வாய் திறக்க அவ்வளவாகத் தயங்குவதில்லை. அதனால் போனவுடன் இன்சார்ஜ் முதல் ஆயாம்மா வரை எல்லோரிடமும் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். ஸ்ட்ரெச்சர் எங்கே, லிஃப்ட் நின்றுவிட்டால் எந்த வழியாகப் போவது, ரத்த வங்கியில் இரவில் யாரை எழுப்புவது என்பதெல்லாம் ஆயாம்மாவுக்கும் வார்டு பாய்க்கும்தான் சரியாகத் தெரியும்.

கொஞ்சம் ஓய்வு கிடைத்ததும் வார்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எமர்ஜென்சி ட்ராலி எங்கே, அதில் எந்தத் தட்டில் எந்த மருந்து என்று திறந்து பாருங்கள். லாரிங்கோஸ்கோப் பல்பு எரிகிறதா, ஆம்பு பேக் இருக்கிறதா, சக்ஷன் இழுக்கிறதா, ஆக்ஸிஜன் சிலிண்டரில் அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு நோயாளிக்கு மூச்சு நின்றுபோன நேரத்தில் இதையெல்லாம் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் மறைக்கவே கூடாது. முதல் வாரத்தில் அவசரத்தில் நடப்பதுதான் இது. திட்டுவார்களோ என்று பயந்து கையைத் துடைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். அந்த இடத்தைப் பிழிய வேண்டாம், சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள், உடனே சொல்லுங்கள். ஹெச்.ஐ.வி. தொற்றியவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுதான். அதையும் தடுக்க மருந்து இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவிடக் கூடாது, 28 நாள் எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடிந்ததா என்று சேர்வதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பணியிடத்தில் உங்களுக்குள்ள உரிமைகளையும் முதல் நாளே கேளுங்கள். பணி நியமனக் கடிதத்தைக் கையில் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், நகலை மட்டும் கொடுங்கள். 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியர் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி மத்திய அரசு அமைத்த குழு 2016-ல் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இருப்பது தெரிந்து சம்பளம் பேசுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

இங்கே அமர்ந்திருக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் மூத்த செவிலியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகள் கேட்பதற்குத் துணிந்துவிட்டால் மட்டும் போதாது, கேட்டவருக்குப் பதில் கிடைக்க வேண்டும். சேர்ந்த வாரத்திலேயே அவர்களைத் தனியாக நைட் டியூட்டியில் விடாதீர்கள். ஒருவருக்கு ஒருவர் என்று ஒரு மூத்தவரை ஒப்படையுங்கள். கேள்வி கேட்டதற்காக ஒருவரை நோயாளிகள் முன்னால் அவமானப்படுத்தினால், அன்றோடு அந்த வார்டில் கேள்விகள் நின்றுபோகும். தவறுகள் நிற்காது, உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும்.

பெற்றோர்களே, முதல் நாள் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் “எப்படி இருந்துச்சு?” என்று உடனே விசாரிக்காதீர்கள். முதலில் சாப்பாடு போடுங்கள். பேச்சு தானாக வரும். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளை போனில் “சும்மாதான் இருக்கேன்” என்று சொன்னால், மறுநாளும் கூப்பிடுங்கள்.

மாணவர்களே, முதல் நாள் டியூட்டி முடிந்ததும் நோயாளிகளின் நிலையை அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஒப்படைப்பீர்கள். செய்ததைச் சொல்லுங்கள். செய்ய முடியாமல் விட்டதையும், சந்தேகமாக இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அப்படிப் போட்ட கையெழுத்தை நம்பி ஒரு நோயாளியின் குடும்பம் இரவு தூங்கப் போகலாம். அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக நீங்கள் அனைவரும் வளர வாழ்த்துகிறேன்.